இரண்டாவது மேடு

மூச்சுச் சான்று வந்து சில வருடங்களுக்குள்ளேயே, கை உறுதியாக இருக்க வேண்டிய வேலைகளில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு கண்ணாடிக் குழாயில் ஊதிவிட்டுத்தான் வேலையில் உட்கார முடியும் என்று ஆகிவிட்டது. பேருந்து ஓட்டுகிறவர், கிரேன் இயக்குகிறவர், அறுவைச் சிகிச்சை செய்கிறவர், எல்லாரும்தான். நடுக்கநோய் வரப்போகிற ஒருவருக்குக் கை ஆடத் தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே மூச்சில் அதன் அடையாளம் தெரிந்துவிடும். அரசாங்கம் கைக்காகத்தான் அதைக் கேட்டது. ஜனங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள். மணமகன் தேவை விளம்பரங்களில் படிப்புக்கும் சம்பளத்துக்கும் நடுவே ‘மூச்சு சுத்தம்’ என்று இரண்டு வார்த்தைகள் வந்து உட்கார்ந்தன.

தென் மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்து திருநெல்வேலி பெருமாள்புரத்தில் ஒரே ஒரு பரிசோதனை மையம் இருந்தது. அதன் தலைமை ஆய்வாளர் சங்கரவடிவு. ஐம்பதைத் தாண்டியவர். காலையில் திருநீறு பூசாமல் கருவியைத் தொடமாட்டார். முடிவு மோசமாக வந்தவர்களுக்குத் தாளைக் கொடுக்கும்போது எழுந்து நின்றுதான் கொடுப்பார்.

கார்த்திகை மாதத்து மழைக்காலை ஒன்றில் அவருடைய உதவியாளன் எபனேசர் அறைக்குள் தலையை நீட்டினான்.

“மேடம், தூத்துக்குடில இருந்து ஒரு பொண்ணு வந்திருக்காவ.”

“மறுபரிசோதனையா? ஒரு வருசம் ஆகாம முடியாதுன்னு சொல்லிரு.”

“சொன்னேன். அதுக்கு இல்லையாம். வேற ஏதோ கேக்கணுமாம். ஒரு டப்பா மக்ரூன் கொண்டாந்திருக்காவ. நான் வாங்கல. சும்மா பாத்துக்கிட்டேன்.”

உள்ளே வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை. மழையில் நனையாமல் இருக்க ஒரு துணிப்பையை முந்தானைக்குள் மூடிப் பிடித்திருந்தாள். பெயர் செலின் என்றாள். மாதா கோயில் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாளாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“மிக்கேல் கஸ்பார்னு ஒருத்தருக்கு இங்க பாத்திருந்தீய. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவுக. இருக்குன்னு வந்துட்டு.”

“ஆமாம்மா.” சங்கரவடிவுக்குப் பெயர் ஞாபகமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சொல்லு.”

“எந்தக் கை மேடம் முதல்ல நடுங்கும்? வலதா, இடதா?”

சங்கரவடிவு அவளைப் பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. சண்டை போட்டவர்கள் உண்டு. கவரை மேசைக்கடியில் நீட்டியவர்கள்கூட உண்டு. இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“அது சொல்ல முடியாதும்மா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பக்கம். நீ அவருக்கு என்ன வேணும்?”

“கட்டிக்கப் போறவ. அவுக இல்லைங்காக. நான் ஆமாங்கேன்.”

கஸ்பாருடைய கதையை அவள் கண்ணீர் விடாமல் சொன்னாள். தாள் வந்த மறுநாளே அவனைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். கை கொஞ்சமும் நடுங்காத அந்த மனிதன் இப்போது தரையில் நின்றுகொண்டு, தன் இருக்கையில் வேறொருவன் உட்கார்ந்து இறக்குகிற கொக்கியில் சங்கிலி மாட்டுகிறான். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஆனால் கல்யாண அறிவிப்பாகக் கோயிலில் வாசிக்கிற ஓலையை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

“‘ஒரு காப்பித் தம்ளரப் பிடிக்க முடியாதவனக் கட்டிக்கிட்டு உனக்கு எதுக்கு அந்தப் பாடு’ங்காக. அவுக நல்லதுக்குத்தான் சொல்லுதாக. எனக்குத் தெரியும். ஆனா நான் தம்ளரையா கட்டிக்கப் போறேன்?”

துணிப்பையிலிருந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். கல்யாணச் சட்டை. முன்பக்கம் முத்துப் போன்ற பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஆனால் அவற்றை மாட்டத் துளைகள் எதுவும் இல்லை. அவள் விரலால் லேசாக இழுத்தாள். பட்டென்று பிரிந்தது. உள்ளே பிரஸ் பட்டன்.

“வெளிய பாத்தா சாதாரணச் சட்டைதான். அவுக எல்லாச் சட்டைக்கும் இப்பவே மாத்திட்டா கை பழகிரும்லா. அப்புறம் நடுங்கினாலும் வித்தியாசம் தெரியாது. எந்தக் கைன்னு தெரிஞ்சா, அடுத்த கைக்கு வசதியாப் பட்டன் பட்டிய மாத்தி வச்சிருவேன். அதக் கேக்கத்தான் வந்தேன்.”

சங்கரவடிவு அந்தச் சட்டையை ஒருமுறை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். ‘எத்தனையோ பேருக்குத் தாள் கொடுத்தேன், ஒருத்தருக்காவது ஒரு பொத்தான் கொடுத்தேனா’ என்று அவருக்குத் தோன்றியது.

“எந்தக் கைன்னு சொல்ல முடியாது. எவ்வளவு நாள் ஆகும்னு ஓரளவு சொல்லலாம். இரு, பாக்கேன்.”

கணினியில் கஸ்பாரின் பரிசோதனைப் படத்தைத் தேடினார். அது வருகிற வரைக்கும் பேசாமல் இருக்க மனமில்லாமல், செலினுக்கு விளங்கும்படி சொல்ல ஆரம்பித்தார்.

“நம்ம மூச்சுல ரெண்டு பொருள் இருக்கும்மா. ரெண்டுக்கும் ஒரே எடை. ஒரே சூட்டுல ஆவியாகும். மத்தக் கருவிக்கெல்லாம் ரெண்டும் ஒண்ணுதான். வடிவம் மட்டும் வேற. ஒண்ணு வளைஞ்சிருக்கும். அது எல்லார் மூச்சுலயும் உண்டு. இன்னொண்ணு ஊசி மாதிரி நேரா இருக்கும். அதுதான் நோயோட அடையாளம்.”

“பிறகு எப்படிப் பிரிக்கிய?”

“முடி மாதிரி மெல்லிசா ஒரு கண்ணாடிக் குழல் இருக்கு. சுருட்டி அடுப்புக்குள்ள வச்சிருப்போம். அதோட உட்சுவர்ல திரவப்படிகப் பாலிமர்னு ஒண்ணு பூசியிருக்கும். தண்ணி மாதிரி இளகித்தான் இருக்கும். ஆனா அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் வரிசை கலையாம நிக்கும். உங்க கோயில்ல பூசை நேரத்துல ஆளுங்க வரிசையா உக்காந்திருப்பாங்கல்லா? ஒல்லியா ஒருத்தர் வந்தா நடுவுல நுழைஞ்சு உக்காந்திருவாரு. பெரிய மூட்டையோட ஒருத்தர் வந்தா இடம் கிடைக்காம அப்படியே வெளிய போயிருவாரு. அதனால வளைஞ்சது முதல்ல வெளிய வரும். நேரா இருக்கிறது மெதுவா, பின்னால வரும். படத்துல ரெண்டு மேடாத் தெரியும். முதல் மேடு எல்லாருக்கும் உண்டு. ரெண்டாவது மேடு…”

படம் வந்தது. சங்கரவடிவு பேச்சை நிறுத்தினார்.

இரண்டாவது மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய மேடு இருந்தது. அதற்கு முன்னால் வெறும் கோடு. முதல் மேட்டையே காணோம்.

முதல் மேடு இல்லாத மனிதர் கிடையாது. நோயாளிக்கும் உண்டு, நலமாக இருப்பவருக்கும் உண்டு. மூச்சு விடுகிற எவருக்கும் உண்டு. இரண்டாவது இடத்தில் மேடு இருக்கிறதா என்று மட்டும் கணினி பார்த்தது. ‘உண்டு’ என்று எழுதியது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது அவர். மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். விஜயதசமி.

“என்ன மேடம்? ரொம்ப சீக்கிரமா வந்துருமா?” என்றாள் செலின்.

“செலின், இன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியாதும்மா. ஒரு சந்தேகம் இருக்கு. எங்க மேல. நான் பாத்துட்டு, நானே வந்து சொல்லுதேன். நல்லதுன்னும் நினைச்சுக்காத, கெட்டதுன்னும் நினைச்சுக்காத.”

செலின் சட்டையை மடித்தாள். “எதையும் நினைக்கல மேடம். தைச்சுக்கிட்டு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மக்ரூன் டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எபனேசரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். அவன் வெகுநேரம் பார்த்தான்.

“முதல் மேடு எங்க மேடம்?”

“அதத்தான் நானும் தேடுதேன். விஜயதசமி அன்னைக்கு ஓட்டுனது. ஞாபகம் இருக்கா?”

இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரம் போட்டு, வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அணைத்து வைப்பது அவர்கள் வழக்கம். உழைக்கிற பொருளுக்கும் ஓய்வு வேண்டும் என்பது சங்கரவடிவின் எண்ணம். குழல் இருக்கிற அடுப்பை அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைத்து, இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். இந்த வருடம் மதியத்துக்குமேல் ராகுகாலம் நெருங்கிவிட்டது. சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. “எல்லாத்தையும் அணைச்சிரு எபனேசர், நேரமாச்சு” என்று சொன்னது அவர்தான். அவன் சுவிட்சை அப்படியே இறக்கிவிட்டான். குளிர்பதன அறையில் குழல் சட்டென்று உறைந்து போயிற்று. உள்ளே வரிசையில் நின்றவையெல்லாம் நின்றது நின்றபடி கலைந்து இறுகிவிட்டன.

மறுநாள் விஜயதசமி. புதிதாகத் தொடங்க நல்ல நாள். சும்மா ஒரே ஒரு மாதிரியை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வழக்கமாகப் பார்க்கிற சரிபார்ப்புகூட அன்று கிடையாது. அன்றைக்கு ஓட்ட வேண்டியதை அவரே தேடி எடுத்தார். ‘திருமணத்துக்காகவும்’ என்று எழுதியிருந்த ஒரு குழாய். கல்யாணப் பையன், வருடத்தின் முதல் முடிவு நல்லதாக வரட்டும் என்று நினைத்தார். அடுத்த நாள் எபனேசர் முறைப்படி சூடாக்கி ஆற வைத்து, அதற்குப் பிறகு எல்லாம் சரியாகவே நடந்தது. அந்த ஒரே ஒரு குழாய், வரிசை கலைந்த குழல் வழியாகப் போயிருந்தது. நடுவே நுழைய முடியாத வளைந்த பொருளும் அந்தக் கலைந்த கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்டு, நேரானது வருகிற நேரத்துக்கு வெளியே வந்திருந்தது.

“சுவிட்ச இறக்குனது நாந்தான்” என்றான் எபனேசர். “நான் வேதக்காரன். என் கைபட்டு உங்க சாமி கோவிச்சுக்கிட்டாரோ என்னமோ.” சிரிக்க முயன்றான், வரவில்லை.

“சாமி எதுக்குக் கோவிக்கணும்? கும்பிட்டது தப்பே இல்ல. கும்பிடுற அவசரத்துல செய்ய வேண்டியதக் குறைச்சோம்லா, அதுதான் தப்பு. வரிசையா நிக்கிறதுக்கு அதுகளுக்கு நேரம் குடுக்கல நாம.”

ஒவ்வொருவருடைய மூச்சும் இரண்டு குழாய்களில் எடுக்கப்படும். இரண்டாவது குழாய் முத்திரையோடு குளிர்பெட்டியில் இருக்கும். அதை உடைக்க வேண்டுமானால் மையம் தவறு செய்தது என்று தலைமை ஆய்வாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் கருவிக்குச் சீல் வைத்து விசாரிப்பார்கள். அது முடிகிற வரைக்கும் அவர் கையெழுத்துச் செல்லாது.

எபனேசர் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“மேடம், சும்மா ஓட்டிப் பாத்துருவோம். சுத்தமா வந்தா, கணினி தப்பா அச்சடிச்சிருச்சுன்னு தாள மாத்திக் குடுத்துருவோம். அந்தப் பையனுக்கு வேலையும் கிடைச்சிரும், கல்யாணமும் நடந்துரும். உங்களுக்கும் ஒண்ணும் வராது. யாருக்குத் தெரியப் போவுது?”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். அவர்மேல் வைத்திருந்த பாசத்தில்தான் சொன்னான்.

“அவன் கிரேனை விட்டு இறங்கி ஊருக்கு முன்னால நின்னான் எபனேசர். எல்லாருக்கும் தெரியத்தான் நின்னான். என் தப்பு மட்டும் யாருக்கும் தெரியாமப் போணுமா?”

கருவியின் நெற்றியில் ஆயுத பூசைச் சந்தனம் காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் சிறிது நேரம் கண்ணை மூடி நின்றார். ‘நல்லபடியா வரணும்’ என்று வேண்டவில்லை. ‘உள்ளது உள்ளபடி வரணும்’ என்று வேண்டினார். பிறகு உட்கார்ந்து எழுதி, மேலிடத்துக்கு அனுப்பினார். ஓட்டிப் பார்த்து முடித்ததும் கருவியை நிறுத்தி வைக்கும்படி சாயங்காலமே அனுமதி வந்தது.

குழலைச் சூடாக்கி மெதுவாக ஆற வைத்தார்கள். மறுநாள் காலையில் சரிபார்ப்பு ஒழுங்காக வந்தது. குழல் நன்றாக இருக்கிறது என்று காட்ட, ஆரோக்கியமான இரண்டு பேருடைய மூச்சையும் கூட ஓட்ட வேண்டும் என்பது விதி. மழையில் வேறு யாரும் வரவில்லை. இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

“இத்தன வருசமா ஊரெல்லாம் ஊதிட்டுப் போவுது, நாம ஒரு தடவயும் ஊதுனதில்ல மேடம்” என்றான் எபனேசர். “என் மூச்சுல நேத்துத் தின்ன மக்ரூன் மட்டுந்தான் வரும். நீங்க ஊதுங்க முதல்ல.”

அவர் ஊதினார். அவனும் ஊதினான். மூன்று குழாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின.

கஸ்பாரின் படம் முதலில் வந்தது. உயரமாக ஒரு மேடு, இருக்க வேண்டிய இடத்தில். அதற்குப் பிறகு கடைசிவரை வயல்வெளி மாதிரி சமமாகக் கோடு ஓடியது. எபனேசர் ‘ஸ்தோத்திரம்’ என்றான். சங்கரவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தது எபனேசரின் படம். அதுவும் அப்படியே இருந்தது.

மூன்றாவது படம் வந்தபோது அவன் திரைக்கு மிக அருகில் குனிந்தான். “இன்னொரு தடவ ஓட்டிப் பாப்போமா மேடம்?” என்று மட்டும் கேட்டான்.

“ஓட்டு.”

மறுபடியும் அதே படம் வந்தது. அவர் மூன்று படங்களையும் அறிக்கையோடு சேர்த்தார். கடைசிப் படத்துக்கு மட்டும் இன்னொரு பிரதி எடுத்து, மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குத் தூத்துக்குடி போயிட்டு வாரேன். போன்ல சொல்லுத விசயம் இல்ல இது” என்றார்.

“நானும் வரட்டா மேடம்?” என்றான் அவன்.

“வேண்டாம்யா. நீ இங்க இரு. சீல் வைக்க வருவாங்க. சந்தனத்த அழிச்சிராத.”

செலினின் கடை ஒரு தையல் மெஷினும் ஒரு மேசையும் வைத்தால் நிறைந்துவிடுகிற அளவுதான். சங்கரவடிவு வருவதாகக் காலையில் தெரிவித்திருந்ததால், கஸ்பாரை அவள் வரச் சொல்லியிருந்தாள். உயரமான ஆள், முழங்கைவரை துருவும் கிரீசும். உட்காரச் சொன்னபோது துணிகளில் அழுக்குப் படும் என்று வாசலிலேயே நின்றான். அதனால் சங்கரவடிவும் நின்றுகொண்டே சொன்னார். பூசையையும் சுவிட்சையும் முதல் மேட்டையும் ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டு, புதிய தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

“தப்பு என்னோடது தம்பி. மன்னிச்சுக்கன்னு கேக்க வந்தேன். மன்னிக்க முடியலன்னாலும் சரிதான்.”

அவன் தாளைப் படித்தான். திரும்பவும் படித்தான். அவன் தாடை இறுகியது.

“சுண்டல் ஆறுதுன்னு என்னக் கீழ இறக்கிட்டியளா மேடம்.”

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

“எங்க அம்மை தினமும் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தா. சோறு போடும்போதெல்லாம் கையத்தான் பாப்பா. எனக்குச் சோறே இறங்காது.” சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தபடி நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. மெல்ல அவன் தோள் தளர்ந்தது. “மறைச்சிருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல. வந்து சொன்னியளே. அது போதும்.”

செலின் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அப்ப இனி ஓலை வாசிக்கச் சொல்லுவீயளோ?” என்றாள். “தாளப் பாத்துட்டு வேண்டாம்னீய. இப்ப தாளப் பாத்துட்டு வேணும்பீய. நான் எங்க நிக்கேன் இதுல?”

கஸ்பார் காதைச் சொறிந்தான். “நேத்து சட்டையப் போட்டுக் காட்டச் சொன்னல்லா. இங்க இருந்து நேரா சாமியார் வீட்டுக்குத்தான் போனேன். ஞாயித்துக்கிழமை வாசிக்கச் சொல்லிட்டேன். சந்தேகம்னா அவர்ட்டயே கேட்டுக்க.”

“நேத்தா?”

“நேத்துதான். இந்தத் தாள் வரதுக்கு முந்தி.”

செலின் அப்போதுதான் நிமிர்ந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். “சரி. அப்படின்னா அந்தப் பிரஸ் பட்டன எடுத்துட்டுச் சாதாரணப் பட்டன் வச்சிரட்டா?”

“எடுக்காத. அப்படியே இருக்கட்டும்” என்றான் அவன். தாளை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சங்கரவடிவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

சங்கரவடிவு அப்போதும் போகவில்லை. தொங்கிக்கொண்டிருந்த துணிகளைப் பார்த்தார். மேசைமேல் ஒரு சின்ன டப்பாவில் பிரஸ் பட்டன்கள் பளபளத்தன.

“எனக்கும் தைக்கணும் செலின். ரவிக்கை. ஒண்ணு ரெண்டு இல்ல, இருக்கிறத எல்லாம் மாத்தணும்.”

“தைச்சிருவோம் மேடம். அளவு ரவிக்கை கொண்டாந்தியளா?”

“இல்ல. புதுசா அளவெடு.” கொஞ்சம் நிறுத்தினார். “கொக்கி வேண்டாம். உன் பிரஸ் பட்டன் வை.”

சிரித்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது. செலின் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை இறுகப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். அவை ஆடாமல், நன்றாகத்தான் இருந்தன. என்ன, எப்போது, எப்படித் தெரிந்தது என்று எதையும் அவள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எந்தக் கை மேடம்?”

“தெரியலம்மா” என்றார் சங்கரவடிவு. “என் படத்துல ரெண்டு மேடும் சரியான இடத்துல இருக்கு. கைதான் எதுன்னு இன்னும் தெரியல.”

செலின் தலையாட்டினாள். வாசல் திரையை இழுத்துவிட்டு அருகில் வந்து, நாடாவை அவர் தோளில் வைத்து மெல்ல நீவினாள்.

“அதனால என்ன. எந்தக் கைக்கும் எட்டுற மாதிரி வச்சிருவோம். கொஞ்சம் நிமிந்து நில்லுங்க.”

அவர் நிமிர்ந்து நின்றார்.